இங்கிலாந்துக்குத் தனியாக வந்த பிள்ளை: முதல் நாளிலிருந்து 18 வயது வரை செய்ய வேண்டியவை

அம்மா அப்பா ஊரில். பிள்ளை உங்கள் வீட்டு வாசலில், ஒரு பையோடு. காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கொண்டுவரும் ஏஜென்சிக்காரன் இறக்கிவிட்டுப் போய்விட்டான். கையில் ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது, அது உங்களுடையது.

இந்த வழிகாட்டி அந்த வாசலைத் திறக்கும் பெரியவருக்கானது. பெற்றோர் இல்லாமல் வந்து அசைலம் (அகதிப் பாதுகாப்பு) கேட்க வேண்டிய, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு எதை எந்த வரிசையில் செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன். பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளராக இந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கெட்டுப்போன கேஸ்களில் நான் கண்டது பெரும்பாலும் பொய் அல்ல. ஒன்று, வரிசை மாறியிருக்கும். அல்லது பிள்ளை பேச வேண்டிய இடத்தில் பெரியவர்கள் பேசியிருப்பார்கள்.

ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பிள்ளைகளுக்கான சட்டம் வேறு. அங்கே தனியாக வரும் பிள்ளைக்கு சுயாதீனமான காப்பாளர் ஒருவரும் கிடைப்பார். கீழே உள்ளவை இங்கிலாந்துக்கு.

1. உங்களுக்கும் பிள்ளைக்கும் என்ன உறவு என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் இதைச் செய்யுங்கள். பிள்ளை யாருடன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த எல்லா முடிவும் எடுக்கப்படும்.

நமக்கு அப்பாவின் கூடப்பிறந்த தம்பியும் சித்தப்பாதான், அப்பாவின் சித்தப்பா மகனும் சித்தப்பாதான். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனும் மாமாதான். ஆங்கிலேயச் சட்டத்துக்கு இவர்கள் ஒரே ஆட்கள் அல்ல. அங்கே நெருங்கிய உறவினர் என்றால் பிள்ளையின் பாட்டா பாட்டி, சகோதர சகோதரிகள், பெற்றோரின் சொந்தச் சகோதர சகோதரிகளும் அவர்களுடைய கணவன் மனைவியரும், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை. ஒன்றுவிட்ட உறவு அந்தக் கணக்கில் வராது.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளை இந்தப் பட்டியலில் இல்லாத ஒருவருடைய வீட்டில் 28 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதானால் அது தனியார் பராமரிப்பு என்று கணக்காகும். அதைக் கவுன்சிலுக்கு (உள்ளூராட்சி மன்றத்துக்கு) அறிவிப்பது உங்கள் கடமை. பிள்ளை ஏற்கனவே வந்துவிட்டால் உடனடியாக அறிவிக்க வேண்டும். சொல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

அதனால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘நான் இந்தப் பிள்ளையின் அப்பாவுடைய அப்பாவின் தம்பியின் மகன்.’ இப்படித்தான் எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும். ஒரு இடத்தில் அங்கிள், இன்னொரு இடத்தில் கசின், மூன்றாவது இடத்தில் குடும்ப நண்பர் என்று பதிவானால், பிள்ளை கடத்தி வரப்பட்டதோ என்ற சந்தேகம் முதலில் உங்கள் மேல்தான் விழும். அந்தச் சந்தேகம் நியாயமானது. அப்படிக் கொண்டுவரப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிள்ளையிடமும் கேளுங்கள். அம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளை அவரையே அம்மா என்று கூப்பிடும். பெரியம்மாவின் மகனை அண்ணா என்று சொல்லும். ‘அண்ணாவை ஆமி (இராணுவம்) பிடித்தது’ என்று முதல் நாள் சொல்லி, குடும்ப விவரத்தில் ‘எனக்குச் சகோதரர் இல்லை’ என்று சொன்னால், கேட்பவருக்கு அது முரண்பாடு. பெற்ற அம்மா யார், கூடப்பிறந்தவர்கள் யார், கூப்பிடும் பெயர் என்ன என்று மூன்றாகப் பிரித்து எழுதி வையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

பெயர்: பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் முன்னால் வரும், சிலருக்குப் பின்னால் வரும். இந்த நாட்டுப் படிவம் இரண்டு பெட்டிகளை வைத்து நிரப்பச் சொல்லும். எந்தப் பெயரை எந்தப் பெட்டியில் போடுவது என்று ஒருமுறை முடிவெடுத்தால் பள்ளி, டாக்டர், சொலிசிட்டர் (வழக்கறிஞர்), ஹோம் ஆபீஸ் (அசைலத்தை முடிவு செய்யும் உள்துறை அமைச்சு) எல்லா இடத்திலும் அதையே தொடருங்கள்.

பிறந்த தேதி: நாள், மாதம், வருடம் என்ற வரிசையில், மாதத்தை எழுத்தில். சரியான தேதி தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். ஜனவரி 1 என்று போட்டு நிரப்ப வேண்டாம்.

பிறப்புச் சான்றிதழ், பள்ளி அறிக்கை, மருத்துவமனைத் துண்டு, போலீஸ் முறைப்பாட்டின் நகல், எது இருந்தாலும் சரி. ஊரிலிருந்து தபாலில் வந்தால் உறையை எறியாதீர்கள். எங்கிருந்து, எப்போது, யார் அனுப்பினார் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி. தாளை விட உறை பெரிதாக உதவிய கேஸ் பார்த்திருக்கிறேன்.

மூலத்தை யாரிடம் கொடுப்பதற்கும் முன் இரண்டு பக்கமும் பிரதி எடுங்கள். ஹோம் ஆபீஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பை நீங்களே செய்ய வேண்டாம். கையெழுத்தும் உறுதிமொழியும் உள்ள தொழில்முறை மொழிபெயர்ப்புத்தான் எடுபடும். அந்தச் செலவைப் பெரும்பாலும் சொலிசிட்டர் லீகல் எய்டில் (அரசு செலவிலான சட்ட உதவியில்) எடுத்துவிடுவார்.

பிள்ளையின் போனில் எதையும் அழிக்காதீர்கள். புது சிம் போட்டுக் கொடுத்து பழையதை வீசுவது நல்லெண்ணத்தில் செய்யும் பிழை. வந்த வழியும் வந்த தேதியும் அதில்தான் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள்: பத்திரம் எடுக்க இலங்கைத் தூதரகத்துக்குப் போகாதீர்கள். தன் நாட்டு அரசுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்கும் பிள்ளையின் பெயரை அதே அரசின் அலுவலகத்தில் பதிய வைப்பதாகிவிடும். ஊரில் உள்ளவர்கள் பிரதேச செயலகத்தில் எடுக்க முடியுமா, எடுத்தால் அவர்களுக்கு ஆபத்து வருமா என்பதை சொலிசிட்டரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

3. அன்றைக்கே கவுன்சிலுக்கு அறிவியுங்கள்

நீங்கள் குடியிருக்கும் இடத்துக் கவுன்சிலின் சிறுவர் சேவைப் பிரிவைக் கூப்பிடுங்கள். இரவோ வார இறுதியோ என்றால் அவசரப் பணிக்குழுவின் எண் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். ‘பெற்றோர் இல்லாமல் ஒரு பிள்ளை வந்திருக்கிறது, அதற்குப் பொறுப்பான பெரியவர் இந்த நாட்டில் இல்லை’ என்று சொன்னால் போதும்.

1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பொறுப்பாளர் இல்லாத பிள்ளைக்குத் தங்குமிடம் தர வேண்டியது கவுன்சிலின் கடமை என்கிறது. பிள்ளையின் விசா நிலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பலர் தயங்கும் இடம் இதுதான். ‘நம்ம பிள்ளையை வெள்ளைக்காரன் வீட்டில் விடுவதா, நானே வைத்துப் பார்க்கிறேன்’ என்று வைத்துக்கொள்வார்கள். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைப் பிள்ளை 18 வயதில் கொடுக்கும். 14 வயதுக்குப் பிறகு மொத்தம் 13 வாரங்களாவது, அதுவும் 16ஐத் தாண்டியும், கவுன்சிலின் பராமரிப்பில் இருந்த பிள்ளைக்குத்தான் 18க்குப் பிறகு வீடு, படிப்பு, தனி ஆலோசகர் என்ற முழு உதவி உரிமையாக வரும். உங்கள் வீட்டு முன்னறையில் பேசாமல் இருந்த பிள்ளைக்கு அது வராது.

பிள்ளை உங்களோடே இருக்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. உறவினராக வளர்ப்புப் பெற்றோர் ஆவதற்கு உங்களை மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். முதற்கட்டமாக 16 வாரங்களுக்குத் தற்காலிக அனுமதி தர விதி இருக்கிறது. அப்போது பிள்ளை சட்டப்படி கவுன்சிலின் பராமரிப்பில்தான் இருக்கும், தூங்குவது உங்கள் வீட்டில். வீட்டில் எத்தனை பேர், பிள்ளைக்குத் தனி இடம் உண்டா, உங்கள் விசா என்ன என்றெல்லாம் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சில நேரம் சோஷல் வொர்க்கர், ‘மாமா வீட்டில் இருக்கட்டும், தேவையானால் 17ஆம் பிரிவில் கொஞ்சம் உதவி செய்கிறோம்’ என்பார். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்காமல் தரும் உதவி; 20ஆம் பிரிவு, கவுன்சிலே பராமரிப்பில் எடுப்பது. எந்தப் பிரிவில் என்பதைக் கடிதமாகக் கேளுங்கள். அப்புறம் வரும் சண்டைகளில் பாதி அந்த ஒரு கடிதத்தில் தீரும்.

வளர்ப்புக் குடும்பம் தமிழராக இருக்க வேண்டும் என்று கேட்கலாம், எப்போதும் கிடைக்காது. 16 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் குடும்பத்தோடு, 16, 17 வயது என்றால் மேற்பார்வையுள்ள விடுதியில் இடம் தருவார்கள். லண்டனில் வந்த பிள்ளை வேறு ஊருக்கும் மாற்றப்படலாம். கவுன்சில்களுக்கிடையே பிள்ளைகளைப் பங்கிடும் தேசியத் திட்டம் ஒன்று 2016இல் தொடங்கி, 2021 இறுதியில் எல்லாக் கவுன்சில்களுக்கும் கட்டாயமானது. உங்களோடு உள்ள உறவை முன்பே எழுத்தில் கொடுத்திருந்தால் அந்த முடிவில் அதையும் பார்க்க வைக்கலாம்.

4. சொலிசிட்டர் வந்த பிறகே கதை

எந்தப் படிவத்திலும் ஏன் வந்தோம் என்ற பகுதியை நிரப்புவதற்கு முன் சொலிசிட்டர் வேண்டும். பிள்ளைக்கு லீகல் எய்ட் உண்டு, ஒரு பென்ஸ் கட்ட வேண்டியதில்லை. அசைலம் கேட்பதற்கும் கட்டணம் கிடையாது. ‘காசு கட்டினால்தான் நல்ல லோயர்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியது இரண்டு. குடிவரவுச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல அனுமதி பெற்றவரா, பிள்ளைகளின் அசைலம் கேஸ் செய்து பழகியவரா. பெரியவர்களின் கேஸில் கெட்டிக்காரராக இருப்பவர் 13 வயதுப் பிள்ளையை உட்காரவைத்து மூன்று மணி நேரம் கேள்வி கேட்பார். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

ரெஃப்யூஜி கவுன்சிலில் தனியாக வந்த பிள்ளைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சொலிசிட்டர் கிடைக்காமல் அலையும்போது அவர்களைக் கேளுங்கள். கோரம் சிறுவர் சட்ட மையமும் பிள்ளைகளின் குடிவரவுச் சட்டத்தில் ஆலோசனை தருகிறது.

நம் ஊர்க்கடைக்குப் பக்கத்தில் ‘படிவம் நிரப்பித் தரப்படும்’ என்று உட்கார்ந்திருப்பவரிடம் போகாதீர்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கதையை எழுதிய கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். அதே வாக்கியங்கள், ஆளைக் கடத்திப்போகும் அதே வெள்ளை வேன். அந்தப் பத்துப் பேரில் உண்மையாகவே வெள்ளை வேனைக் கண்ட பிள்ளையும் இருந்தது. அந்தப் பிள்ளையையும் ஹோம் ஆபீஸ் நம்பவில்லை.

5. பதிவு

பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு ஹோம் ஆபீஸ் சந்திப்பை சோஷல் வொர்க்கரோ சொலிசிட்டரோ ஒழுங்கு செய்வார். விமான நிலையத்திலோ கரையிலோ பிடிபட்ட பிள்ளைக்கு அங்கேயே நடந்திருக்கும். அப்படியானால் அன்று என்ன பதிவானது என்ற நகலை முதல் வேலையாக சொலிசிட்டரிடம் சேருங்கள்.

இங்கே கேட்பது பெயர், குடும்பம், வந்த பாதை, உடல்நலம். கைரேகையும் படமும் எடுப்பார்கள். பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். ஏன் வந்தாய் என்ற விவரத்துக்குள் இப்போது போகத் தேவையில்லை. பிள்ளை சுருக்கமாக ‘எனக்கு அங்கே போகப் பயம்’ என்று சொன்னால் போதும்.

பெரியவர்கள் குறுக்கிடுவது இங்கேதான் அதிகம். ‘அவனுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன்’ என்று தொடங்குவார்கள். நீங்கள் சொல்வது பிள்ளையின் வார்த்தையாகப் பதிவாகும். ஆறு மாதம் கழித்துப் பிள்ளை வேறு விதமாகச் சொன்னால் அந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது பிள்ளை. தெரியாத கேள்விக்குத் ‘தெரியாது’ என்பது முழுமையான பதில் என்று முன்பே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். நம் பிள்ளைகள் பெரியவர் கேட்டால் ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள். அந்த மரியாதை இங்கே கெடுதல் செய்யும்.

வந்த பாதையில் ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த கதை இருந்தால் அதை சொலிசிட்டரிடம் சொல்லிவிடுங்கள். வேறொருவர் பாஸ்போர்ட்டில் வந்ததும் அப்படியே.

முடிவில் ஏஆர்சி என்னும் அடையாள அட்டை வரும். பெயர், பிறந்த தேதி, நாடு மூன்றையும் அன்றைக்கே சரிபார்த்து, பிழை இருந்தால் சொலிசிட்டர் மூலம் எழுதுங்கள். அட்டையில் உள்ள பிழை மற்ற எல்லாக் கோப்பிலும் ஏறிவிடும்.

6. வயதில் சந்தேகம் வந்தால்

தமிழில் ‘எனக்குப் பதினாறு நடக்குது’ என்றால் 15 முடிந்து 16ஐ நோக்கிப் போகிறது. அதை மொழிபெயர்ப்பாளர் 16 என்று போட்டுவிட்டால் ஒரு வருடம் கூடிவிடும். இன்னொரு இடத்தில் பிள்ளை பிறந்த தேதியைச் சொல்லும், கணக்கு 15 வரும். அவ்வளவுதான், ‘வயதில் முரண்பாடு’ என்று எழுதிவிடுவார்கள். பிள்ளைக்கு ஒரே ஒரு விதமாகச் சொல்லப் பழக்குங்கள்: ‘எனக்கு 15 முடிந்துவிட்டது’ என்பதோடு பிறந்த தேதி.

அதிகாரி பார்த்த பார்வையில் ஒரு பிள்ளையைப் பெரியவராக நடத்த வேண்டுமானால், தோற்றமும் நடத்தையும் 18ஐக் கணிசமாகத் தாண்டியவர் என்று மிக வலுவாகக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்த சந்தேகம் என்றால் பிள்ளையாக நடத்தி, முறையான மதிப்பீடு செய்ய வேண்டும்.

அந்த மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்பது 2003இல் மெர்ட்டன் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து வளர்ந்த விதிகள். பயிற்சி பெற்ற இரண்டு சோஷல் வொர்க்கர்கள், மொழிபெயர்ப்பாளர், பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர். சந்தேகம் எதில் என்று சொல்லி, பிள்ளை பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுத்தில் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்.

வயது தவறு என்று முடிவானால் ஜுடிஷியல் ரிவியூ (அந்த முடிவை நீதிமன்றம் ஆராய்வது) போகலாம். தாமதிக்காமல், அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள். அதற்கிடையில் பள்ளி அறிக்கை, தடுப்பூசி அட்டை, பிள்ளையோடு நாளும் பழகும் ஆசிரியரின் கடிதம் சேருங்கள். மீசை முளைத்திருக்கிறது என்பது வயதுக்குச் சான்று அல்ல என்று நீங்கள் கத்துவதை விட, ஆறாம் வகுப்பு அறிக்கை அதிகம் பேசும்.

7. வாக்குமூலம்

கேஸின் முதுகெலும்பு இது. சொலிசிட்டர் பிள்ளையோடு பல தடவை உட்கார்ந்து எழுதுவார். பின்னால் நடக்கும் பெரிய நேர்காணல் இதை வைத்துத்தான்.

நீங்கள் அறைக்குள் இருக்காதீர்கள். உங்களுக்கு மனவருத்தமாக இருக்கலாம். ஆனால் தனக்கு நடந்ததை, முக்கியமாக உடம்புக்கு நடந்ததை, பிள்ளை சொந்தக்காரர் முன்னால் சொல்லாது. அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் ஒன்று. ஊரில் பேர் கெட்டுவிடும் என்ற பயம் இன்னொன்று. சொலிசிட்டரோடு பேசுவது ரகசியம் என்பதை மட்டும் சொல்லி வெளியே இருங்கள்.

கதை சொல்லிக்கொடுக்காதீர்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு யுத்தம் நினைவில் இருக்காது, இருக்கவும் முடியாது. அதன் நினைவில் இருப்பது அப்பாவைத் தேடி இரவில் வந்தவர்கள், அம்மம்மா கதவைத் தாழ்ப்பாள் போட்ட சத்தம், பள்ளிக்குப் போகும் வழியில் நின்ற மோட்டார் சைக்கிள். அதுதான் சாட்சி. பெரியவர்கள் அதன் மேல் புலிகள் இயக்க வரலாற்றை ஏற்றினால், பிள்ளை அதைப் பாடமாக ஒப்பிக்கும். இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும்.

தேதி நினைவில்லை என்றால் பிள்ளையின் காலத்தால் எழுதலாம்: ஏழாம் வகுப்பில் இருந்தபோது, நல்லூர்த் திருவிழா முடிந்து, மழை தொடங்கும் முன். இது பலவீனம் அல்ல. 14 வயதுப் பிள்ளை நாள், மணி சொன்னால்தான் சந்தேகம் வரும்.

உடம்பில் தழும்பு இருந்தாலோ, பிள்ளை இரவில் கத்தி எழுந்தாலோ, சொலிசிட்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மருத்துவ அறிக்கை எடுக்கலாம். ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் போன்ற அமைப்புகள் அப்படியான அறிக்கைகளை எழுதுகின்றன. காத்திருக்கும் காலம் நீளம் என்பதால் முடிந்த அளவு முந்திக் கேட்க வேண்டும்.

எழுதி முடித்ததைத் தமிழில் முழுவதுமாக வாசித்துக் காட்டிய பிறகே பிள்ளை கையெழுத்திட வேண்டும். ‘எல்லாம் சரிதான், நேரமாகிவிட்டது’ என்றால் இன்னொரு நாள் கேளுங்கள்.

8. மொழிபெயர்ப்பாளரைச் சரிபார்ப்பது

என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தமிழ் தெரிந்தவர் என்றால் போதாது.

யாழ்ப்பாணப் பிள்ளை ‘ஆமிக்காரன் என்னைப் பேசினான்’ என்றால் திட்டினான் என்று அர்த்தம். தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் ‘என்னிடம் பேசினான்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். மிரட்டல் உரையாடலாகிவிட்டது. பிள்ளைக்குத் தெரியவும் தெரியாது.

‘காம்ப்’ என்று பிள்ளை சொல்வது ராணுவ முகாமா, இடம்பெயர்ந்தோர் முகாமா? ‘காம்ப்புக்குக் கொண்டு போனாங்கள்’ என்பதில் எந்தக் காம்ப் என்பதுதான் முழுக் கேஸே. ‘பெடியள்’ என்றால் சும்மா பையன்களா, இயக்கத்தவரா? நல்ல மொழிபெயர்ப்பாளர் ஊகிக்க மாட்டார், கேட்பார். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்த பிள்ளையானால் இரண்டு பேச்சும் கலந்து வரும். அதற்குத் தகுந்த ஆள் வேண்டும்.

அதனால் எந்த மாவட்டம், எந்தப் பேச்சு என்பதை முன்கூட்டியே சொலிசிட்டருக்கு எழுதுங்கள். பெண் பிள்ளைக்குப் பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். முதல் ஐந்து நிமிடம் பள்ளி, சாப்பாடு என்று பேசிப் பார்த்து, புரியவில்லை என்றால் அப்போதே பிள்ளை சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துச் சொன்னால் ‘முன்பே ஏன் சொல்லவில்லை’ என்பார்கள். ‘விளங்கேல்லை’ என்று கை தூக்கப் பழக்குங்கள்.

உங்கள் ஊர்க்காரர், தெரிந்தவர், கோயிலில் பார்த்தவர் மொழிபெயர்க்க வந்தால் மறுத்துவிடுங்கள். பிள்ளை அவர் முன்னால் பாதியைத்தான் சொல்லும்.

9. பெரிய நேர்காணல்

12 வயதைத் தாண்டிய பிள்ளையை ஹோம் ஆபீஸ் நேர்காணல் செய்யும். பிள்ளையின் பக்கத்தில் ஹோம் ஆபீஸைச் சேராத, பொறுப்பான பெரியவர் இருந்தே ஆக வேண்டும். சொலிசிட்டர் தரப்பில் ஒருவரும் வர வேண்டும். பிள்ளை களைத்தால் நிறுத்த வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது.

நேர்காணலுக்கு முந்தின நாள் வாக்குமூலத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். காலையில் சாப்பிட வையுங்கள். அழுதால் நிறுத்தலாம், கழிவறைக்குப் போகலாம், தண்ணீர் கேட்கலாம் என்று சொல்லுங்கள். இதெல்லாம் சொல்ல வேண்டியதா என்று தோன்றும். நான்கு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். கடைசிக் கேள்விகளுக்கு அவன் சொன்னதெல்லாம் ‘ஓம், ஓம்’.

நேர்காணல் பதிவின் நகல் கிடைத்ததும் தமிழில் வாசித்து, பிழைகளை சொலிசிட்டர் உடனே எழுதி அனுப்ப வேண்டும். முடிவு வந்த பிறகு திருத்தினால் அது சாக்காகத் தெரியும்.

10. காத்திருக்கும் காலம்

முடிவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள். பராமரிப்பில் உள்ள பிள்ளைக்குப் பள்ளி இடத்தில் முன்னுரிமை உண்டு. முதல் மருத்துவப் பரிசோதனை 20 வேலை நாட்களுக்குள் நடக்க வேண்டும், முதல் பராமரிப்பு மீளாய்வுக் கூட்டமும் அதே கால அளவில். இரண்டுக்கும் தேதி கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்சிக்காசு பாக்கி என்று யாராவது பிள்ளைக்கு போன் எடுத்தாலோ, வேலைக்கு வரச் சொன்னாலோ, அன்றைக்கே சோஷல் வொர்க்கருக்குச் சொல்லுங்கள். கடனுக்காகப் பிள்ளையை வேலை செய்ய வைப்பது கடத்தல். நீங்களே காசைக் கட்டித் தீர்க்கப் பார்த்தால் அந்த ஆள் திரும்பவும் வருவான்.

குடும்பத்தோடு தொடர்பு அறுந்திருந்தால் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் இலவசமாகத் தேடித் தரும். பெயர் கொடுப்பதற்கு முன் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை.

11. முடிவுக் கடிதம்: முதல் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்

அகதி அந்தஸ்தோ மனிதாபிமானப் பாதுகாப்போ கிடைத்தால் நல்லது. ஒன்றை முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்: அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை, அகதிக் குடும்ப இணைப்பு விதியில் தன் அம்மா அப்பாவைக் கூப்பிட முடியாது. பெரியவருக்கு இருந்த வழி பிள்ளைக்கு இருந்ததில்லை, பெரியவருக்கும் அது 2025 செப்டம்பரில் புது விண்ணப்பங்களுக்கு நிறுத்தப்பட்டது. பல பிள்ளைகள் அந்த நம்பிக்கையில்தான் அனுப்பப்பட்டிருப்பார்கள். கடிதம் வந்த நாளில் அதை அறிய விடாதீர்கள்.

இன்னொரு வகைக் கடிதம் இருக்கிறது, அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அசைலத்தை மறுத்து, ஆனால் ஊரில் பிள்ளையைப் பொறுப்பேற்க யாருமில்லை என்பதால் 30 மாதமோ, பிள்ளைக்குப் பதினேழரை வயதாகும் வரையோ, எது குறைவோ அதுவரை தங்க அனுமதி தருவார்கள். ‘விசா தந்துவிட்டான்’ என்று வீட்டில் கேக் வெட்டிவிடுவார்கள். அது மறுப்புக் கடிதம். அப்பீலுக்கு 14 நாட்கள்தான், கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து. கடிதத்தை அன்றைக்கே சொலிசிட்டருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்பீல் செய்யாமல் விட்டால், பதினேழரை வயதில் பழைய மறுப்பு அப்படியே நிற்கும்.

12. பதினேழரையிலிருந்து 18 வரை

அனுமதி முடியும் தேதியை சமையலறைக் காலண்டரில் மூன்று மாதம் முன்னால் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு முன் நீட்டிப்பு விண்ணப்பம் போயிருந்தால், பதில் வரும் வரை பழைய உரிமைகள் தொடரும். ஒரு நாள் பிந்தினாலும் படிப்பு, வேலை, தங்குமிடம் எல்லாம் கேள்விக்குள்ளாகும்.

முதல் முடிவே இன்னும் வரவில்லை என்றால் சொலிசிட்டரைக் கொண்டு ஹோம் ஆபீஸுக்கு எழுத வையுங்கள். 18 ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கான அந்தத் தற்காலிக அனுமதி கிடைக்காது, நேர்காணலில் பக்கத்தில் பெரியவரும் இருக்க மாட்டார்.

கவுன்சில் 16 வயதிலிருந்தே எதிர்காலத் திட்டம் ஒன்றை எழுத வேண்டும். தனி ஆலோசகர் உதவியை 25 வயது வரை கேட்கலாம். அந்தத் திட்டத்தில் விசா கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்று இரண்டு பாதையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

18ஆவது பிறந்தநாளுக்கு முன் சொலிசிட்டரிடமும் கவுன்சிலிடமும் முழுக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சோஷல் வொர்க்கர் மாறுவார், சொலிசிட்டர் அலுவலகம் மூடப்படும், நீங்களும் வீடு மாறுவீர்கள். வாக்குமூலம், நேர்காணல் பதிவு, மருத்துவ அறிக்கை, முடிவுக் கடிதம், 20ஆம் பிரிவுக் கடிதம், ஊரிலிருந்து வந்த அந்த உறை, எல்லாம் ஒரே பையில்.